கார்ப்பெட் கேட்டது யார்?

அத்தியாயம் நான்கு

லினோலியமும் திரும்பி வந்துவிட்டது.

துபாய் தேராவில் செய்கு அலாவுதீனின் தரைவிரிப்புக் கடைக்குள் நுழைந்ததும் ஜன்னத்துல் ஃபிர்தௌஸின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். போன வாரம் அவளே பார்த்துப் பார்த்துப் பொறுக்கி அல் ஐனுக்கு அனுப்பிவைத்த வெளிர்சாம்பல் துண்டு. ஏற்கெனவே திரும்பி வந்திருந்த வினைல், ரப்பர், கார்க் துண்டுகளின் தலைமேல், சுருட்டிக் கட்டிய சணல் கட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தது.

"அர்பாபுக்குப் பிடிக்கலையாம் தங்கச்சி," என்றார் செய்கு அலாவுதீன். "அவர் வீட்டு மேனேஜர் சாகிர்தான் டிரைவர்கிட்ட குடுத்து அனுப்பிட்டான். கார்ப்பெட்தான் வேணுமாம். கால் புதையற மாதிரி, நல்ல தடியா."

ஃபிர்தௌஸ் கைப்பையை மேஜைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்பதே சரி.

"வெடிமருந்து புழங்குற ரூமுக்குக் கார்ப்பெட்டா?"

"அதுல ஒரு வசதி இருக்கு மேடம்," என்றான் அவள் பின்னாலேயே வந்த அன்பரசன். "வெடிச்சாலும் சத்தம் கேக்காது."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

ஃபிர்தௌஸ் துபாயில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர். தீப்பிடித்த குடோன், காணாமல் போன சரக்கு, மூழ்கிய தோணி என்று எது வந்தாலும் போய்ப் பார்த்து, நடந்தது என்ன என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. பிறந்த ஊர் காயல்பட்டினம். அன்பரசன் மன்னார்குடிக்காரன். அவளுக்குக் கார் ஓட்டுவான், போட்டோ எடுப்பான், கேட்காதபோதும் பேசுவான்.

அல் ஐனிலிருந்து அவளிடம் வந்திருந்தவை இரண்டு ஃபைல்கள். இரண்டும் ஒரே வீட்டு விவகாரம். வீட்டுக்காரர் அபு ஹமத் என்ற பெரிய மனிதர். பறக்கும் மண்தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் போட்டிகளில் அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றவர். வீட்டு வேலைக்காரர்கள் எல்லோரும் அவரை 'அர்பாப்', அதாவது முதலாளி, என்றே சொல்வார்கள். தனக்கு வேண்டிய தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்ள வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டியிருந்தார். அதற்கு முறையான அனுமதியும் வைத்திருந்தார். தரை என்ன போடுகிறார்கள் என்று சர்வேயர் பார்த்துச் சரி சொன்னால்தான் அந்த அறைக்குத் தீ இன்ஷூரன்ஸ் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. அது முதல் ஃபைல்.

இரண்டாவதுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. அந்த அறையில் சிமென்ட் வேலை நடந்துகொண்டிருந்தபோது, வெளிக்கூடத்துக் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு ஜோடி இரட்டைக்குழல் துப்பாக்கிகள் காணாமல் போயின. அர்பாபின் தகப்பனார் காலத்துப் பொருள், தங்க வேலைப்பாடு செய்தவை. அலமாரிக் கண்ணாடி உடைந்து கிடந்தது. கூடத்தின் பின்கதவுச் சாவி சிமென்ட் வேலை செய்த வேலுச்சாமியிடம் இருந்தது. போலீஸ் வேலுச்சாமியைக் கொண்டுபோய்விட்டது. அவனுடைய கேம்ப் ரூமைத் தலைகீழாகப் புரட்டியும் துப்பாக்கி கிடைக்கவில்லை. தினமும் வேலை முடிந்து போகையில் அவன் பையைச் சோதித்த பத்தான் வாட்ச்மேன், ஒரு ஆணிகூட வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தான்.

துப்பாக்கியை விசாரிக்க அவள் எப்போது போனாலும் தரை குறுக்கே வந்து நின்றது. யாரை எது கேட்டாலும், "தரை என்னாச்சு?" என்று திருப்பிக் கேட்டார்கள். அந்த முதல் ஃபைலைக் கிழித்துக் கடலில் எறிந்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

கடையில் டெலிபோன் மணி அடித்தது. செய்கு அலாவுதீன் எடுத்தார். எடுத்ததும் அவர் குரல் மாறியது.

"ஆமாம்மா சரோஜா... வேலு நல்லா இருக்கான்மா. புஜைராவுல சைட்டு. அங்கே போன் கெடையாதும்மா... சாப்புடறான், சாப்புடறான். நான் சொல்றேன்."

ரிசீவரை வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். வேலுச்சாமி அவர் கடை விசாவில் வந்தவன்; ஊரிலிருந்து பேசியது அவன் மனைவி.

"எத்தனை தடவைதான் அந்தப் புள்ளைகிட்ட பொய் சொல்றது? சனிக்கிழமை கேஸ் கோர்ட்டுக்குப் போகுது. போயிட்டா அப்புறம் நம்ம கையில ஒண்ணுமில்லை."

ஃபிர்தௌஸ் அவரையே பார்த்தாள். மனத்தில் பட்டதைக் கேட்காமல் விட்டுப் பழக்கமில்லை அவளுக்கு. ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து அவரைக் 'காக்கா' என்றே கூப்பிடுவாள்.

"கோவிச்சுக்காதீங்க காக்கா. கார்ப்பெட் போனா உங்களுக்கு லாபம் ஜாஸ்தியா?"

"நான் எங்கே கார்ப்பெட் விக்கிறேன்?" என்றார் அவர். கையை விரித்துக் கடையைச் சுற்றிக் காட்டினார். சுருள் சுருளாக வினைல், லினோலியம், ரப்பர். கார்ப்பெட் ஒரு முழம்கூட இல்லை. "அது பக்கத்துக் கடை ஈரானி விக்கிறான். இந்த வேலை அவனுக்குப் போனா நஷ்டம் எனக்குத்தான்."

"அப்ப ஈரானியப் புடிச்சிடலாம் மேடம்," என்றான் அன்பரசன்.

"யல்லா அன்பு. வண்டியை எடு."

"எங்கே மேடம்?"

"வேற எங்கே? அல் ஐனுக்கு. இன்னிக்கு அந்த மனுஷனை நேர்ல பாக்காம திரும்பறதில்லை."

காரில் ஏசி வேலை செய்யவில்லை. ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். இரண்டு பக்கமும் செம்மணல் மேடுகள் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தன. லினோலியச் சுருள் பின்சீட்டில் கிடந்து ஒவ்வொரு வளைவிலும் உருண்டது.

"ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? கார்ப்பெட் போட்டா அப்படி என்ன கெட்டுடும்?"

"தோட்டாவுல மருந்து நிரப்பும்போது கொஞ்சமாவது சிந்தாம இருக்காது. வழவழன்னு தரை இருந்தா பெருக்கி எடுத்துடலாம். கார்ப்பெட்ல சிந்தினா நாருக்குள்ள போய் உக்காந்துக்கும். வேக்குவம் போட்டு இழுக்கவும் முடியாது, மோட்டார்ல பொறி வரும். அதோட இந்த ஊர்ல காத்து காய்ஞ்ச காத்து. கார்ப்பெட்ல நடந்துபோய்க் கதவுப் பிடியைத் தொட்டா சுரீர்னு ஒரு ஷாக் அடிக்குதா இல்லையா?"

"அடிக்கும். எங்க ரூம்ல அப்படித்தான் ஒருத்தன் அலாரமே வெக்காம எழுந்திரிக்கிறான்."

"அந்தப் பொறி மருந்துமேல பட்டா?"

அன்பரசன் காரின் வேகத்தைக் குறைத்தான்.

"அப்ப அந்த அர்பாபுக்கு இது தெரியாதா?"

"அதான் எனக்குப் புரியலை. காலமெல்லாம் தோட்டா நிரப்பற மனுஷன். நான் கண்ட இடத்துல விசாரிச்சு நேத்திக்குக் கத்துக்கிட்டது அவருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கணும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லாக்கப்பில் வேலுச்சாமியைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. இவள் கேட்ட கேள்வி எதற்கும் அவன் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "நான் எடுக்கலைங்க" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அதை வைத்து எந்தக் கோர்ட்டில் என்ன செய்வது?

அர்பாப் வீட்டு வாசலில் சாகிர் நின்றிருந்தான். அந்த வீட்டின் வரவுசெலவு, வேலையாட்கள், விருந்தாளிகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவன். மீசை முளைக்கும் வயதில் வந்தவன், இப்போது காதோரம் நரைத்திருந்தது. அவனும் காயல்பட்டினம்தான், அக்காவை 'லாத்தா' என்கிற ஊர்.

"வாங்கோ லாத்தா. இந்த வெயில்ல எதுக்கு அலையுறியோ? ஒரு போன் போட்டா நான் சொல்லியிருப்பேனே."

"அர்பாபைப் பாக்கணும் சாகிர்."

"தூங்குறாங்களே லாத்தா. எழுப்பினா சத்தம் போடுவாங்க."

போன தடவை வந்தபோது அர்பாப் தொழுகையில் இருந்தார். அதற்கு முந்தின தடவை அபுதாபியில் இருந்தார். ஃபிர்தௌஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி. ரூமையாவது காட்டு."

உடைந்த அலமாரி நின்ற கூடத்தைக் கடந்து அந்த அறைக்குப் போனார்கள். சுவரோரம் கனத்த மரமேஜை, அதன்மேல் தோட்டா நிரப்பும் கைப்பிரஸ். ஒரு பக்கம் காலித் தோட்டாக்கள் நிறைந்த பெட்டி, கீழே ஈயக்குண்டு மூட்டைகள். மருந்தை மட்டும் வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். வெறும் சிமென்ட் தரையாகக் கிடந்த அறையில் இந்தத் தடவை ஒரு பழைய கம்பளம் விரித்திருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"சும்மா, தூசி பறக்குதுன்னு போட்டேன்." சாகிர் சுலைமானி டீயை அவள் கையில் கொடுத்தான். "அர்பாப் வயசாளி லாத்தா. சிமென்ட்ல நின்னா முட்டி வலிக்குதாம்."

"நிக்கிற இடத்துல மட்டும் ரப்பர் மேட் போட்டுக்கலாம்."

"ரப்பர் வாடை ஆகாது அவங்களுக்கு."

"கார்க்?"

"எலி கடிக்கும்."

"வினைல்?"

"வழுக்கும்."

"லினோலியம்?"

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னாங்க."

"சாகிர் பாய்," என்றான் அன்பரசன், "நீங்க பேசாம வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

ஃபிர்தௌஸுக்குக் கையில் இருந்த டீயை அந்தக் கம்பளத்தின்மேலேயே கொட்டிவிடலாம் போல இருந்தது. எது சொன்னாலும் அவனிடம் பதில் தயாராக இருந்தது. பணிவான, மென்மையான பதில். சுவரோடு மோதினாலாவது தலை வலிக்கும். இவனிடம் மோதினால் அதுகூட இல்லை.

அப்போதுதான் வீட்டுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

டுமீல்.

மறுபடியும், டுமீல்.

"அர்பாப் கனவுலயும் சுடுவாரா?" என்றான் அன்பரசன்.

"அது... தோட்டத்துல குருவி விரட்டுறாங்க," என்றான் சாகிர். அவன் சொல்லி முடிப்பதற்குள் ஃபிர்தௌஸ் டீயை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே இறங்கியிருந்தாள். அன்பரசன் காரிலிருந்து கொண்டுவந்திருந்த லினோலியச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினான்.

பேரீச்சந்தோப்பைத் தாண்டிய வெட்டவெளியில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் தோளில் துப்பாக்கியோடு நின்றிருந்தார். இயந்திரம் வீசிய மண்தட்டு ஒன்று வானத்தில் சுழன்றது. அவர் அதைத் தூளாக்கிவிட்டுத் துப்பாக்கியை மடித்து, யார் வருவது என்று திரும்பிப் பார்த்தார்.

ஃபிர்தௌஸ் சலாம் சொன்னாள். இத்தனை வருஷத்தில் பழகிய அரபியில் தான் இன்ஷூரன்ஸ் சர்வேயர் என்றாள். அவ்வளவுதான், பெரியவர் முகம் சிவந்துவிட்டது.

"நீதானா அது? வெட்கமாக இல்லையா உனக்கு? ரமலான் முடிந்ததிலிருந்து என் அறை தரை இல்லாமல் கிடக்கிறது. எதைச் சொன்னாலும் வேண்டாம், எதைக் காட்டினாலும் வேண்டாம். உனக்கு என்னதான் வேண்டும்?"

ஃபிர்தௌஸுக்கு ஒன்றும் ஓடவில்லை. "வேண்டாம்னு சொன்னது நீங்க," என்றாள். "நான் அனுப்பினது எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டீங்க."

"நீ எதை அனுப்பினாய்?"

"வினைல், ரப்பர், கார்க், லினோலியம்."

"நான் ஒன்றையும் பார்க்கவில்லை."

"என்ன சொல்றாரு மேடம்?" என்று அன்பரசன் காதோரம் கேட்டான். அவள் கையமர்த்தினாள்.

"நீங்க கார்ப்பெட் கேட்டதா சொன்னாங்களே."

"கார்ப்பெட்டா?" பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வெடிமருந்து அறைக்கா? எனக்குப் பைத்தியம் என்று நினைத்தாயா? சர்வேயர் கார்ப்பெட் போட்டால்தான் கையெழுத்துப் போடுவாள் என்று சாகிர் சொன்னான். அந்த மாதிரிப் பெண்ணிடம் எனக்கு என்ன பேச்சு என்றுதான் உன்னைப் பார்க்க மாட்டேன் என்றேன்."

ஃபிர்தௌஸ் அன்பரசனின் தோளிலிருந்த சுருளைப் பார்த்தாள். சணல் கட்டு. கடையில் அவள் கையாலேயே போட்ட முடிச்சு. அதை யாரும் அவிழ்க்கவே இல்லை. அவிழ்த்துப் பார்க்காத தரையை எப்படி ஒருவருக்குப் பிடிக்காமல் போகும்? காலையில் கடையில் அதைப் பார்த்தபோது எரிச்சல்பட்டாளே தவிர யோசிக்கவில்லை. தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"அர்பாப், ரூமுக்கு வர்றீங்களா? தரை எதுன்னு நம்ம ரெண்டு பேரும் இப்பவே முடிவு பண்ணிடுவோம்."

அவர்கள் வந்தபோது சாகிர் அறை வாசலிலேயே நின்றிருந்தான். கையில் சாவிக்கொத்து. பூட்டப் போனவன் போல.

"சாகிர், இந்தக் கம்பளத்தை எடு," என்றார் அர்பாப்.

சாகிர் அசையவில்லை. ஃபிர்தௌஸ் சைகை காட்ட, அன்பரசன் குனிந்து கம்பளத்தைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு, லினோலியத் துண்டை அவிழ்த்துத் தரையில் விரித்தான். பெரியவர் அதைக் கையால் தடவிப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"இதுதான் நான் கேட்டது. வெளிர் நிறம், ஒட்டு இல்லாமல் ஒரே விரிப்பு. கீழே எது விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பார்." மூட்டையிலிருந்து ஒரு கை ஈயக்குண்டை அள்ளி அந்தச் சாம்பல் துண்டின்மேல் சிந்தவிட்டார். கடுகைவிடச் சற்றுப் பெரிய குண்டுகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. "கார்ப்பெட்டில் இது கிடைக்குமா?"

குண்டுகள் நிற்கவில்லை. லினோலியத்தின் விளிம்பைத் தாண்டி சிமென்ட் தரையில் இறங்கின. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, எல்லாம் ஒரே திசையில் உருண்டு மேஜைக்கு அடியில் ஓரிடத்தில் போய்க் குவிந்தன.

"குண்டுக்கெல்லாம் அங்கே என்ன மேடம் மீட்டிங்?" என்றான் அன்பரசன்.

ஃபிர்தௌஸ் முட்டி போட்டு மேஜைக்கு அடியில் பார்த்தாள். ஆள் நீளத்தில் பாதி இருக்கும், அந்த இடம் மட்டும் லேசாக உள்வாங்கியிருந்தது. சிமென்ட்டின் நிறமும் ஒரு சாயல் வேறாக இருந்தது. விரலை மடக்கித் தட்டினாள். மற்ற இடங்களில் 'டக்' என்று கேட்ட சத்தம் இங்கே 'தொம்' என்றது.

"அன்பு, கடப்பாரை கிடைக்குமா பாரு."

தோட்டக்காரனிடமிருந்து கடப்பாரை வந்தது. மேஜையை நகர்த்தினார்கள். பூச்சு கனமே இல்லை. நாலு குத்தில் அப்பளம் போல உடைந்தது. அடியில் மணல். மணலுக்குள் பாலிதீன் சுற்றிய ஒரு கம்பளிப் போர்வை. அதற்குள், குழலும் தோளில் வைக்கும் மரக்கட்டையும் தனித்தனியாகக் கழற்றி வைத்த இரண்டு துப்பாக்கிகள். மணல் ஒட்டிய தங்கக்கொடி வேலைப்பாடு வெளிச்சத்தில் மின்னியது.

வாட்ச்மேன் சொன்னது சரிதான். துப்பாக்கி வீட்டைவிட்டுப் போகவே இல்லை.

அர்பாப் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஃபிர்தௌஸுக்கு வேலுச்சாமி அப்போதே வெளியே வந்துவிட்டது போல இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"பார்த்தீர்களா அர்பாப்," என்றான் சாகிர். அரபியில், நிதானமாக. "தரை போட்டது அவன். புதைத்ததும் அவன். விஷயம் ஆறினதும் வந்து தோண்டிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறான். போலீஸ் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறது."

பெரியவர் தலையை மெல்ல ஆட்டினார். போலீஸும் அப்படித்தான் தலையாட்டும். இதுவரை வேலுச்சாமிக்கு எதிராக இருந்தது ஒரு சாவி மட்டும். இப்போது அவன் பூசிய தரைக்குள்ளேயே பொருள் கிடைத்துவிட்டது. கண்டுபிடித்துக் கொடுத்தவள் இவள்.

அன்பரசன் அரபி புரியாவிட்டாலும் முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டான். "மேடம்," என்றான் தாழ்ந்த குரலில், "வேலுவுக்கு நம்மளே குழி தோண்டிட்டோமா?"

அவள் குவிந்து கிடந்த ஈயக்குண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே லினோலியம் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெல்லிய விரிப்பு. பள்ளம் அப்படியே மேலே தெரிந்திருக்கும். வினைலிலும் தெரிந்திருக்கும். கார்க்கிலும் ரப்பரிலும்கூடக் காலில் தட்டுப்பட்டிருக்கும். தடித்த கார்ப்பெட் ஒன்றுதான் எதையும் காட்டிக்கொடுக்காது. குண்டு சிந்தினாலும் உருளவிடாது.

அவள் எழுந்தாள். அர்பாபுக்குப் புரிய வேண்டும் என்று அரபியிலேயே பேசினாள்.

"இங்கே பள்ளம் இருக்குன்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் கார்ப்பெட் தேவை. வேலுச்சாமி லாக்கப்புல இருக்கான். அங்கேயிருந்து அவன் வினைல் வேண்டாம், ரப்பர் வேண்டாம்னு சொல்லி அனுப்ப முடியாது. உங்ககிட்ட என் பேரைச் சொல்லி, என்கிட்ட உங்க பேரைச் சொல்லி, நம்ம ரெண்டு பேரையும் பாக்கவிடாம, கட்டுகூட அவிழ்க்காம ஒவ்வொண்ணையும் திருப்பி அனுப்பினது யாரு? கார்ப்பெட் கேட்டது யாரு?"

அர்பாப் சாகிரைப் பார்த்தார். சாகிர் வாயைத் திறந்தான். முதல் தடவையாக அவனிடம் பதில் தயாராக இல்லை.

ஃபிர்தௌஸ் போர்வைக்குள் கிடந்த ஒரு கட்டையைக் கையில் எடுத்தாள். பிடிக்கும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. விற்கப் போகிறவன் இதை இப்படி உடைத்து வைப்பானா? பிறகு தமிழில் கேட்டாள், ஊர்க்காரியாக.

"என்ன நடந்துச்சு சாகிர்?"

சாகிர் சுவரோடு சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"எடுத்துப் பாக்கணும்னு ஒரு ஆசை லாத்தா. இத்தனை வருஷம் கண்ணாடியைத்தான் தொடைச்சிருக்கேன், அதை ஒரு தடவை தொட்டதில்லை. அன்னிக்கு அர்பாப் அலமாரிச் சாவியை மறந்து வெச்சுட்டு அபுதாபிக்குப் போயிட்டாங்க. வெள்ளிக்கிழமை, வேலுவும் வரலை. எடுத்துட்டு இங்கே வந்து தோள்ல வெச்சுப் பாத்தேன். கை வழுக்கிடுச்சு. சிமென்ட் தரை... கட்டை பொளந்துபோச்சு."

"அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"விசாவைக் கேன்சல் பண்ணி அனுப்பிடுவாங்கன்னு பயந்துட்டேன். ஊர்ல போய் நான் என்ன செய்வேன்? எனக்கு இந்த வீட்டைத் தவிர என்ன தெரியும்? ஒண்ணு மட்டும் காணோம்னா சந்தேகம் வரும்னு தரையைத் தோண்டி ரெண்டையும் புதைச்சேன். வேலு வெச்சிருந்த சிமென்ட்டைப் பூசி, மேலே மேஜையை இழுத்துப் போட்டேன். கண்ணாடியை உடைச்சேன். திருட்டுன்னு எழுதிக்கிட்டு இன்ஷூரன்ஸ் குடுத்துடும், கலாஸ், முடிஞ்சுதுன்னு நெனச்சேன். வேலுவைப் பிடிப்பாங்கன்னு நெனைக்கவே இல்லை லாத்தா."

"பிடிச்சப்புறம்?"

அவன் கையிலிருந்த சாவிக்கொத்தைத் தரையில் வைத்தான்.

ஃபிர்தௌஸ் அர்பாபுக்கு அரபியில் சொன்னாள். பெரியவர் விரிசல் விட்ட கட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் களைத்துப் போனவர் போல இருந்தார்.

"இது என் தகப்பனாரின் கட்டை இல்லை," என்றார். "அவர் காலத்திலேயே ஒருமுறை உடைந்து மாற்றியதுதான். இன்னொரு முறை மாற்றியிருக்கலாம்." கட்டையை மேஜைமேல் வைத்தார். சாகிரிடம், "எழுந்திரு. வண்டியில் ஏறு," என்றார்.

ஸ்டேஷனில் அவ்வளவு சுலபமாக முடிந்துவிடவில்லை. சாகிர் சொன்னதை ஒரு அதிகாரி எழுதிக்கொண்டார். துப்பாக்கிகளைப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். பிறகு, வேலுச்சாமியை விட வேண்டுமானால் அவனுடைய கஃபீல், அதாவது கடைக்குப் பெயர் கொடுத்து விசாவுக்குப் பொறுப்பேற்ற உள்ளூர் அரபி, நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். இன்று வியாழக்கிழமை, ஆபீஸ் மூடும் நேரம். நாளை வெள்ளி. சனிக்கிழமை வாருங்கள்.

ஃபிர்தௌஸ் வாதாடிப் பார்த்தாள். அதிகாரி மரியாதையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் சனிக்கிழமை என்றார். அவள் குரல் உயர்ந்தது. அவர் இன்னும் மரியாதையாகச் சனிக்கிழமை என்றார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வாரக்கணக்கில் அடக்கிவைத்த எரிச்சல் எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றது.

அர்பாப் எழுந்துபோய், நடையில் போட்டிருந்த பெஞ்சில், பத்தான்களுக்கும் வங்காளிகளுக்கும் நடுவில் இடம் கேட்டு உட்கார்ந்தார்.

அதிகாரி பதறிப்போய் வந்தார். "உள்ளே வந்து உட்காருங்கள் பெரியவரே."

"வேண்டாம். இங்கேயே இருக்கிறேன். சனிக்கிழமைவரை."

"என்ன இது, நீங்கள் போய்..."

"புகார் கொடுத்தது நான். அவன் உள்ளே இருக்கும்வரை நான் இங்கே இருப்பதுதான் நியாயம்."

அதிகாரி உள்ளே போய் டெலிபோனில் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்து, கஃபீல் இன்றைக்கே வந்தால் போதும் என்றார். அன்பரசன் வெளியே பூத்துக்கு ஓடி செய்கு அலாவுதீனைப் பிடித்தான். கஃபீலைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு அவர் தேராவிலிருந்து வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கையெழுத்து ஆனது. அதுவரை அர்பாப் அந்த பெஞ்சை விட்டு எழவே இல்லை. யாரோ கொடுத்த டீயைப் பக்கத்திலிருந்த வங்காளியோடு பங்கிட்டுக்கொண்டார்.

வேலுச்சாமி ஒரு பாலிதீன் பையோடு வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. எதிரே நின்றவர்களைப் பார்த்து யாருக்கு முதலில் கும்பிடுவது என்று தெரியாமல் விழித்தான். செய்கு அலாவுதீன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டான். கேட்டுக்கொண்டே நடையின் மறுகோடியைப் பார்த்தான்.

அங்கே சாகிரை உள்ளே கூட்டிப்போக ஒரு போலீஸ்காரர் வந்திருந்தார். சாகிர் நகராமல் நின்றான்.

"வேலு," என்றான். மறுபடியும், "வேலு. பயந்துட்டேன். அதான்... வேற ஒண்ணுமில்லை. பயந்துட்டேன்."

வேலுச்சாமி பையைக் கை மாற்றிக்கொண்டான்.

"நானும்தான் பாய்," என்றான். "உள்ளே இருந்த அத்தனை நாளும்."

சாகிர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றான். வேலுச்சாமி அவனைத் தாண்டி நடந்து, கதவைத் திறந்து வெளியே போனான்.